வீட்டுக்கு விலை சொல்லும் முன்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு மிளகு வாங்க வருகிறவர், வாயைத் திறப்பதற்கு முன்பே அன்றைய விலையை அறிந்திருப்பார். 1957-ஆம் ஆண்டில் இவ்வூரில் மிளகு வாயிதா வியாபாரத்துக்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே மிளகின் விலை இவ்வூராரின் நாவில் புரண்டுகொண்டுதான் இருந்தது. ஒரே தரத்து மிளகு மூட்டைகள் இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்றே. ஆகையால் அதற்கு ஊரறிந்த விலை ஒன்று உண்டு. வீட்டுக்கோ அப்படி ஒரு விலை கிடையாது. ஒரே சந்தில், ஒரே அளவு மனையில், தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகள்கூட ஒரே விலைக்குப் போவதில்லை. ஒன்றின் வாசல்வரை ஆட்டோ வரும், மற்றதற்கு வராது. ஒன்றை விற்க ஒருவர் கையெழுத்துப் போதும். மற்றதற்கு எட்டு வாரிசுகள் மூன்று தேசங்களிலிருந்து வரவேண்டியிருக்கும்.

ஆகவேதான், “வீட்டுக்காரர் 42 லட்சம் சொல்கிறார், நாம் எவ்வளவு சொல்லலாம்?” என்று அன்பர்கள் கேட்கும்போது, ஒரு வார்த்தையில் விடை கூற இயலாமல் போகிறது. ஆனால் விடை காணும் வழி ஒன்று உண்டு. அதை இம்மாதம் இப்பகுதியில் சற்று விரிவாகவே சொல்ல எண்ணுகிறோம்.

இக்கேள்வி நம் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிது என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டு, வேலிப் பகுதியிலேயே தங்கிவிட்டவர்களின் சந்ததியார் முதல், சென்ற ஆண்டு திருநெல்வேலியிலிருந்து வந்து கடையில் கணக்கெழுதுகிறவர் வரை, நம்மில் பலர் வாடகை வீட்டிலேயே காலம் கழிப்பவர்கள். சிட்டி பிடித்த பணம், சேமநல நிதி, மனைவியின் நகை, ஊரில் விற்ற ஓர் ஏக்கர் புன்செய் ஆகிய அனைத்தையும் திரட்டி வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வீடு வாங்குகிறோம். மிளகு வியாபாரி இன்று நஷ்டப்பட்டால் நாளை ஈடு செய்துகொள்வார். வீட்டில் கூடுதலாகக் கொடுத்துவிட்ட 3 லட்சத்தை ஈடு செய்ய நமக்கு இரண்டாவது வீடு கிடையாது.

வழக்கமாக நமக்குக் கிடைக்கும் யோசனை யாது? “சொன்ன விலையில் நூற்றுக்குப் பத்துக் குறைத்துக் கேளுங்கள், நடுவில் எங்காவது முடியும்” என்பார்கள். இதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை என்பது நமது அபிப்பிராயம். விற்பவர் 42 லட்சம் என்றால் நம் பேச்சு 38 லட்சத்தில் தொடங்கும்; அவரே 50 லட்சம் என்றிருந்தால் 45 லட்சத்தில் தொடங்கியிருக்கும். வீடு என்னவோ ஒன்றுதான். அதாவது நாம் சொல்லும் விலையை நாம் தீர்மானிக்கவில்லை, விற்பவரே தீர்மானித்துவிட்டார்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் கிரிகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்ற இரு அறிஞர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, 1987-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். உண்மையான ஒரு வீட்டைப் பலருக்குச் சுற்றிக் காட்டி, அதன் விவரங்கள் யாவும் அடங்கிய ஏட்டையும் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே விவரங்கள். விற்பவர் கேட்கும் விலை மட்டும் ஒரு சாராருக்குக் கூடுதலாகவும் மற்றொரு சாராருக்குக் குறைவாகவும் குறிக்கப்பட்டிருந்தது. பிறகு, “இவ்வீட்டின் தகுதியான விலை என்ன?” என்று கேட்டபோது, கூடுதல் விலையைக் கண்டவர்கள் கூடுதலாகவும், குறைந்த விலையைக் கண்டவர்கள் குறைவாகவும் மதித்தார்கள். மாணவர்கள் மட்டுமல்லர், வீடு விற்பதையே தொழிலாகக் கொண்ட தரகர்களும் அவ்வாறே மதித்தார்கள். மேலும், கேட்கும் விலையைப் பார்த்துத் தாம் மதிப்பிடவில்லை என்றே அவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள்! தொழில் தெரிந்தவர்களின் கதியே இதுவென்றால், முதன்முறையாக வீடு வாங்கும் நம் போன்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

ஆகையால் முதல் விதி இது: விற்பவர் கேட்கும் விலையைக் காதில் வாங்குமுன், நம் கணக்கை நம் வீட்டில் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும். அக்கணக்கில் மூன்று தொகைகள் உண்டு. அவற்றைத் தாங்கும் விலை, தகும் விலை, தொடங்கும் விலை என்று அழைப்போம்.

முதலில் தாங்கும் விலை. அதாவது, நம் குடும்பம் முறியாமல் கொடுக்கக்கூடிய உச்ச விலை. ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்தவையே. கையிருப்பு 16 லட்சம். மாதத் தவணையாக 26,000 ரூபாய் வரை கட்ட முடியும். ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டரை வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால், ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதம் 868 ரூபாய் ஆகும். எனவே ஏறக்குறைய 30 லட்சம் கடன் கிடைக்கும். ஆக மொத்தம் 46 லட்சம்.

இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். “46 லட்சம் திரளும், ஆகையால் 45 வரை பேசலாம்” என்று கிளம்பிவிடுகிறார்கள். கேரளத்தில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் நூற்றுக்கு 8, ரிஜிஸ்தர் கட்டணம் நூற்றுக்கு 2. ஆகப் பத்திலொரு பங்கு சர்க்காருக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் இவ்விரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 9. இச்செலவை வீட்டின் விலையோடு சேர்த்துக் கடன் கொடுக்கச் சிறு வீடுகள் நீங்கலாக வங்கிகளுக்கு அனுமதி இல்லை. ரொக்கமாக நாமே கொண்டுவர வேண்டும். தரகு, வக்கீல், ஆதாரம் எழுதுபவர், வங்கிக் கட்டணம் ஆகியவற்றுக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் ஒதுக்குவோம். பழைய வீட்டில் ஓடு மாற்ற, மின் கம்பி புதுப்பிக்க, குழாய் சீர்செய்ய 3 லட்சம். வீடு வாங்கிய மறு மாதமே நோயோ, பள்ளிக் கட்டணமோ வந்தால் கைமாற்று வாங்காமல் இருக்க 2 லட்சம் கட்டாயம் மிஞ்ச வேண்டும். இவை மூன்றும் 6 லட்சத்து 40 ஆயிரம். 46-இல் இதைக் கழித்தால் 39 லட்சத்து 60 ஆயிரம். அதில் வீட்டின் விலையும், அவ்விலையில் பத்திலொரு பங்கும் அடங்க வேண்டும். கணக்குப் பார்த்தால் விலை 36 லட்சம், சர்க்காருக்கு 3 லட்சத்து 60 ஆயிரம்.

ஆக, 46 லட்சம் திரட்டக்கூடிய குடும்பத்தின் தாங்கும் விலை 36 லட்சமே. இடையில் உள்ள 10 லட்சத்தை அறியாமல் அச்சாரம் கொடுப்பவர்கள், பத்திரம் பதியும் நாளில் நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள்.

இத்துடன் ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வங்கி கடன் கொடுப்பது நாம் ஒப்புக்கொண்ட விலைக்கு அன்று. தன் மதிப்பீட்டாளர் எழுதித் தரும் மதிப்பையும் பத்திர விலையையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதற்கே. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையுள்ள கடனுக்கு வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 90 வரையிலும், 30-க்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடனுக்கு நூற்றுக்கு 80 வரையிலும், அதற்கு மேல் நூற்றுக்கு 75 வரையிலும்தான் கொடுக்கலாம். மதிப்பீட்டாளர் நம்மைவிடக் குறைவாக மதித்தால் அந்த வித்தியாசம் நம் கைப்பணத்தைத்தான் தின்னும்.

அடுத்தது தகும் விலை. அதாவது அந்த வீடு பெறும் விலை. இதற்கு நம் பணப்பையைப் பார்த்துப் பயனில்லை; அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சென்ற ஓராண்டில் அதே சந்திலோ அடுத்த சந்திலோ கைமாறிய மூன்று வீடுகளின் விலையை விசாரித்து அறிய வேண்டும். விற்பவர் கேட்டுக்கொண்டிருக்கும் விலை இதற்கு உதவாது. பணம் கைமாறிய விலையே வேண்டும். வாங்கியவரையே நேரில் கேட்பது உத்தமம். ஆதாரம் எழுதுகிறவர்களும், வங்கிகளுக்கு மதிப்புப் போட்டுக் கொடுக்கும் பொறியாளர்களும் வட்டார விலையை அறிந்தவர்கள்.

கேரள சர்க்கார் 2010-ஆம் ஆண்டு முதல் நிலத்துக்கு ‘நியாயவில’ என்று ஒரு தொகையை அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என்கிறோமே, அது போன்றது. முத்திரைக் கட்டணத்துக்குக் கீழ்வரம்பு கட்டுவதற்காக ஏற்பட்டதே தவிர, சந்தை விலையைச் சொல்வதற்காக ஏற்பட்டதன்று. அதைக் காட்டி விற்பவரிடம் வாதாடுவதில் பயனில்லை.

ஊரோடு ஒப்பிடுவதும் அவ்வாறே. “இந்த விலைக்கு எங்கள் ஊரில் ஒரு கிரவுண்டு வாங்கி மாடியும் கட்டிவிடலாமே!” என்று நம்மவர்கள் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறோம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஏறக்குறைய ஐந்தரை சென்டு. மட்டாஞ்சேரியில் இரண்டு சென்டில் மூன்று குடும்பங்கள் வாழ்வதுண்டு. பிள்ளைகளின் பள்ளியும் நமது பிழைப்பும் இங்கே இருக்கையில், ஊர் விலையை மனத்தில் வைத்துப் பேசினால் எந்த வீடும் அமையாது. ஊரில் வாங்குவதா, இங்கே வாங்குவதா என்பது வேறொரு கேள்வி. அதைத் தீர்த்துக்கொண்ட பிறகே இங்கே விலை பேச வரவேண்டும்.

இதற்கு எதிரான தவறும் உண்டு. 1568-இல் கட்டப்பட்ட யூத ஜெப ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்தன. யூதர்களில் மிகப் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்; அவ்வீடுகள் பலவற்றில் இன்று கலைப்பொருள் கடைகள் இருக்கின்றன. 2012-இல் தொடங்கிய கொச்சி பியனாலே கலைவிழாவும், 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வாட்டர் மெட்ரோவும் இவ்வட்டாரத்துக்கு வெளியூர் மக்களை அழைத்து வருகின்றன. ஆகவே சாதாரண ஓட்டு வீட்டுக்காரர்கூட, “இதை விடுதியாக்கினால் மாதம் எவ்வளவு வரும், தெரியுமா?” என்று கேட்கிறார். அவர் சொல்வது விடுதிக்காரர் கொடுக்கும் விலை. நாம் வாங்குவது குடியிருக்க. அறைக்கு வாடகை வாங்கப் போகாத நாம் அந்த வருமானத்துக்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்? விடுதிக்காரர் வருவாராயின் அவருக்கே அவ்வீடு போகட்டும்.

ஒத்த வீடுகளின் விலை தெரிந்ததும், நாம் பார்க்கும் வீட்டின் குறைகளுக்கு விலை போட்டுக் கழிக்க வேண்டும். இதற்கு ஒரு முறை பார்த்தால் போதாது. தரகர் வெயில் நேரத்தில், வீட்டைக் கழுவிவிட்டு நம்மை அழைத்துச் செல்வார். நாம் மறுபடியும் மழை நாளில் போக வேண்டும். முடிந்தால் விருச்சிக வேலியேற்றக் காலத்தில், அதாவது நம் கார்த்திகை மாதத்தில், காயல் நீர் ஏறும் வேளையில் போக வேண்டும். மேற்குக் கொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் அப்போது ஓடை நீர் திரும்பி முற்றத்துக்கு வரும். அக்காலத்தில் போக முடியாவிட்டால், சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்திருக்கிறதா, எவ்வளவு உயரம்வரை பூத்திருக்கிறது என்று பார்க்கலாம். சுவர் பொய் சொல்லாது. குழாயில் எந்நேரத்தில், எத்தனை குடம் நீர் வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் நம் வீட்டுப் பெண்கள் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். மாடியின் மர உத்தரத்தில் கறையான் உண்டா, இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் யாருடையது, நோயாளியைக் கட்டிலோடு தூக்காமல் வண்டியில் ஏற்ற வழி உண்டா என்பவற்றையும் கவனிக்க வேண்டும். பழைய தெருக்களில் முகப்பை இடித்து மாற்றப் பாரம்பரியக் கட்டுப்பாடுகள் உண்டு. “வாங்கிப் பிறகு மாடி எடுத்துக்கொள்ளலாம்” என்ற தரகர் வாக்கை நம்பி விலையைக் கூட்டிவிடக் கூடாது.

அடுத்த சந்தில் பழுதில்லாத ஒத்த வீடு 36 லட்சத்துக்குப் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். நாம் பார்க்கும் வீட்டுக்கு 3 லட்சம் செலவு உண்டு. ஆகவே இதன் தகும் விலை 33 லட்சம். தாங்கும் விலை, தகும் விலை இரண்டில் எது குறைவோ அதுவே நம் எல்லை. பாட்டிக்குக் கோயில் பக்கம், பிள்ளைக்குப் பள்ளி பக்கம் என்று நமக்கு மட்டுமே உரிய சௌகரியம் இருக்குமானால், அதற்கென்று ஒரு தொகையைக் கூட்டலாம். ஆனால் அத்தொகையை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்; எவ்வளவு கூட்டினாலும் தாங்கும் விலையாகிய 36-ஐத் தாண்டக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுவர் விரிசலுக்கு விலை குறைக்கலாம். பத்திரத்தில் உள்ள விரிசலுக்கு விலை குறைத்துப் பயனில்லை. நமக்குக் கிழக்கே உள்ள மரடு என்னும் ஊரில் காயலோரத்தில் எழுந்த நான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள் கடலோர ஒழுங்குமுறை விதிகளுக்கு மாறாகக் கட்டப்பட்டவை என்று கண்டு, அவற்றை இடிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2019 மே 8 அன்று உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதை நாம் யாவரும் கண்டோம். முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் அவற்றில் இருந்தன. வாங்கியவர்கள் முறையாக ரிஜிஸ்தர் செய்து, வரி செலுத்திக் குடியிருந்தவர்களே. இடைக்கால நஷ்டஈடாக வீட்டுக்கு 25 லட்சம் கொடுக்கும்படி நீதிமன்றம் கூறியது. அவ்வீடுகளை மலிவாகப் பேசி வாங்கியிருந்தால் மட்டும் என்ன? வீடு நிற்கவில்லையே!

ஆகையால் முன்னாதாரங்கள், வில்லங்கச் சான்றிதழ், நிலவரி ரசீது, கட்டட அனுமதி ஆகியவற்றை வக்கீலிடம் காட்டிய பிறகே விலைப் பேச்சு. மட்டாஞ்சேரியின் மிகப் பழைய ஆதாரங்கள் கொச்சி ராஜ்ய காலத்தவை. கொல்லம் ஆண்டு இட்டிருக்கும். கொல்லம் 1120 என்றால் 1944–45 என்று கொள்ள வேண்டும். விலை மலிவை நாடிப் பள்ளுருத்தி, இடக்கொச்சி, கும்பளங்கி என்று தெற்கே செல்லும் அன்பர்களுக்கு மேலும் ஒரு வார்த்தை. தமிழில் நிலம் என்றால் எந்த நிலமும்தான். கேரளத்து ரெவின்யூ கணக்கில் ‘நிலம்’ என்றால் நெல் வயல். வீடு கட்டத் தக்கது ‘புரயிடம்’. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் வயலில் வீடு கட்டுவதைத் தடுக்கிறது. “பத்திரத்தில் நிலம் என்றுதானே இருக்கிறது” என்று மகிழ்ந்து அச்சாரம் கொடுத்துவிடும் தமிழர், மொழி ஒற்றுமையாலேயே ஏமாந்துபோகக்கூடும்.

இனித் தொடங்கும் விலை. தகும் விலை 33 என்றால், 31-இல் தொடங்குவது பொருத்தம். 25 என்று தொடங்கினால் விற்பவர் முகம் திரும்பிவிடும்; அவரும் வாழ்ந்த வீட்டை விற்கிறவர் என்பதை மறக்கலாகாது. எவ்வளவு சொல்கிறோம் என்பதைவிட, ஏன் சொல்கிறோம் என்பதே முக்கியம். “ஐயா, அடுத்த சந்தில் இன்ன வீடு இன்ன விலைக்குப் போயிருக்கிறது. இங்கே கூரைக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு ஆகும் என்று மேஸ்திரி எழுதித் தந்திருக்கிறார். ஆகவே நாங்கள் 31 சொல்கிறோம்” என்று பணிவாகச் சொன்னால், விற்பவர் மறுக்கலாமே தவிர அவமானமாகக் கருத மாட்டார். காரணத்தோடு சொன்ன விலைக்குக் காரணத்தோடுதான் பதில் வரும்.

பிறகு ஏறும்போது படிகள் குறுகிக்கொண்டே வரவேண்டும். 31-இலிருந்து 32, பிறகு 32½, பிறகு 32¾. ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஏதேனும் ஒன்றைப் பதிலாகக் கேட்க வேண்டும். வரி பாக்கியை அவரே தீர்ப்பது, தேக்கு அலமாரியை விட்டுச் செல்வது, சீக்கிரம் ஒழிந்து கொடுப்பது என்பன போல. வங்கியின் கடன் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பவர், “முப்பது நாளில் பதிந்துவிடலாம்” என்று சொல்ல முடியும். அவசரத் தேவையுள்ளவருக்கு அது ஒரு லட்சத்துக்குச் சமம். மேலும், தரகர் முன்னிலையில் “சமையலறை எவ்வளவு அழகு!” என்று வியக்காதிருப்பது நன்று. வியப்பை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதை நம்மில் முதியோர் கண்டிருப்பார்கள். மற்றவர் காதில் விழுந்தால் விலை கெடும் என்பதே அதன் கருத்து. வீட்டுத் தரகர் செய்வது அதற்கு நேர் மாறு. “நாளைக் காலை வேறொரு பார்ட்டி டோக்கன் கொடுக்கப் போகிறார்” என்று பிறர் விலையைக் காட்டியே நம்மை ஏற்றுவார். அது பொய்யாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். மெய்யென்றே கொண்டாலும் நாம் ஏற வேண்டியதில்லை. அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய் நிலங்களின் ஏலங்களை ஆராய்ந்து 1971-இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். பலர் போட்டியிடும் ஏலத்தில் வெற்றி பெறுகிறவர் பெரும்பாலும் அப்பொருளை மிகையாக மதித்தவரே. ஆகவே வெற்றியே அவருக்கு நஷ்டம் என்றார்கள். கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிகளே இவ்வாறு ஏமாந்தன. போட்டி கூடும்போது நம் எல்லையைக் கூட்டுவது புத்தியன்று.

கறுப்புப் பணப் பேச்சும் இவ்வேளையில்தான் எழும். “பத்திரத்தில் 20 எழுதுவோம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள், விலையில் ஒரு லட்சம் தள்ளுகிறேன்” என்பார். 2015 ஜூன் முதல், நிலம், வீடு சம்பந்தமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவது சட்டப்படி குற்றத்தொகைக்கு உரியது. பத்திர விலை குறைந்தால் வங்கிக் கடனும் குறையும். சர்க்கார் மதிப்பைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைவாக எழுதினால், வித்தியாசம் நம் வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். பின்னால் வழக்கு வந்து கிரயம் ரத்தானால், பத்திரத்தில் கண்ட தொகைக்குத்தான் நியாயம் கேட்கலாம். தள்ளிய ஒரு லட்சம் இவற்றில் எதற்கும் ஈடாகாது. விற்பவர் வளைகுடா நாட்டிலோ பிற நாட்டிலோ குடியிருப்பவரானால், விலையிலிருந்து வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு நம்முடையது என்பதையும், அது உள்நாட்டார்க்கு 50 லட்சம் முதல் பிடிக்கும் நூற்றுக்கு 1 என்பதைவிட மிகக் கூடுதல் என்பதையும் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். “என் கையில் இவ்வளவு வரவேண்டும்” என்று அவர் கடைசி நாளில் நின்றால் சங்கடம் நமக்கே.

எல்லாம் பேசியும் விற்பவர் 36-க்குக் கீழே இறங்கவில்லை என்றால்? எழுந்து வந்துவிட வேண்டும். இதுதான் கடினம். இரண்டு மாதமாக அவ்வீட்டில் மனத்தால் குடியேறி, எந்த அறையில் பூஜை, எந்த மூலையில் பிள்ளைக்கு மேஜை என்று தீர்மானித்திருப்போம். ஆனால் கணக்கைப் பாருங்கள். கூடுதல் 3 லட்சத்தைக் கடனாகவே வாங்கினால் மாதம் 2,604 ரூபாய். 20 ஆண்டில் ஏறக்குறைய 6 லட்சத்து 25 ஆயிரம். பதிவுச் செலவிலும் 30,000 கூடும். மாத வாடகை 10,000 என்றால், அந்த 3 லட்சம் இரண்டரை ஆண்டு வாடகை. இன்னும் ஆறு மாதம் வாடகை வீட்டில் பொறுத்திருந்து தேட 60,000 தான் ஆகும். தவிரவும், நம் தொகையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, “மனம் மாறினால் சொல்லியனுப்புங்கள்” என்று மரியாதையாக விடைபெற்று வந்த வீட்டிலிருந்தே அழைப்பு வருவதும் உண்டு. சண்டையிட்டுப் பிரிந்த இடத்திலிருந்து வராது.

ஆகவே அன்பர்கள் வீடு பார்க்கக் கிளம்புமுன், ஒரு ஞாயிறு மாலை, கணவனும் மனைவியும், தவணையில் பங்கேற்கப் போகும் வயது வந்த பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து, தாங்கும் விலையைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தரகரின் பேச்சிலும் பிறர் போட்டியிலும் மனம் தடுமாறும்போது அத்தாள் வீட்டில் இருக்கும். அதை மாற்ற வேண்டுமானால், எழுதிய அனைவரும் மறுபடி கூடித்தான் மாற்ற வேண்டும்.

விலை முடிந்த பின் எழுதும் கரார், அச்சாரத் தொகை, கடன் கிடைக்காமல் போனால் அதைத் திரும்பப் பெறும் நிபந்தனை ஆகியவற்றை அடுத்த இதழில் கவனிப்போம்.